யார்டில் அபராதம், விநாடியில் லாபம்: கல்லூரி ஃபுட்பால் விதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் ஃபுட்பால் விதிக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைச் சனிக்கிழமைதோறும் பார்ப்பதோடு அதன் விதிநூலையும் வரிவரியாகப் படித்து வருகிறவர்கள் நாங்கள். கடந்த இருபது ஆண்டுகளில் நீங்கள் செய்த கடிகார மாற்றங்களையும் கிக் மாற்றங்களையும் அருகருகே வைத்துப் பார்த்ததில் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கடிகார விதியைத் தனியாகவும் கிக் விதியைத் தனியாகவும் திருத்துகிறீர்கள். களத்திலோ அவை இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. அந்த இழுபறியில் ஒரு ஓட்டை விழுகிறது. யாராவது ஒரு பயிற்சியாளர் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துகிறார். அடுத்த ஆண்டு அந்த ஓட்டையை மட்டும் அடைக்கிறீர்கள்.

2006-இலிருந்து தொடங்குவோம். ஆட்டம் மூன்றே கால் மணி நேரத்தைத் தாண்டுகிறது என்பதால் அந்த ஆண்டு இரண்டு கடிகார மாற்றங்கள் வந்தன. கிக்ஆஃபில் (பாதியின் தொடக்கத்திலும் புள்ளி எடுத்த பிறகும் பந்தை எதிரணிக்கு உதைப்பதில்) எதிரணி பந்தைத் தொடும்போது ஓடத் தொடங்க வேண்டிய கடிகாரம், பந்து உதைபட்ட கணத்திலேயே ஓடும் என்றானது. பந்து கைமாறிய பிறகு அடுத்த பிளேவுக்கு (ஒரு தனி ஆட்ட முயற்சிக்கு) பந்தை எடுக்கும் வரை நிற்க வேண்டிய கடிகாரம், ரெஃப்ரி சைகை காட்டியதுமே ஓடும் என்றானது. பந்தை நிறுத்தி உதைக்கும் கிக் டீயின் உயரமும் அதே ஆண்டுதான் 2 அங்குலத்திலிருந்து 1 அங்குலமாகக் குறைந்தது. ஆட்டத்துக்குச் சுமார் 14 பிளே குறைந்துபோயின.

விளைவு நவம்பர் 4 அன்று மேடிசனில் வெளிப்பட்டது. பென் ஸ்டேட்டுக்கு எதிராக முதல் பாதி முடிய 23 விநாடி இருக்கும்போது விஸ்கான்சின் டச்டவுன் போட்டுப் புள்ளி எடுத்தது. அடுத்த கிக்ஆஃபில் அதன் ஆட்டக்காரர்கள் பந்து உதைபடும் முன்பே வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி ஓடினார்கள். அபராதம் 5 யார்டு, திரும்ப உதைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பந்து உதைபட்டதிலிருந்து எதிரணி பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடும் ரிட்டர்ன் முடியும் வரை ஓடிய விநாடிகள் போனது போனதுதான். மறுபடியும் அதையே செய்தார்கள். பாதியின் மிச்ச நேரம் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்தது. விஸ்கான்சின் பயிற்சியாளர் பிரெட் பீலமா விதியை மீறினாரே தவிர, மீறியதற்கான விலையைச் சரியாகக் கணக்குப் போட்டிருந்தார். பென் ஸ்டேட் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ கொதித்ததில் வியப்பில்லை. 2007-இல் இரண்டு கடிகார மாற்றங்களையும் திரும்பப் பெற்றீர்கள். கூடவே கிக்ஆஃபை, உதைக்கும் அணியின் கோல் கோட்டிலிருந்து எண்ணும் 35 யார்டு கோட்டிலிருந்து 30-க்குப் பின்னுக்குத் தள்ளினீர்கள்.

ஓட்டை அடைபட்டது, உண்மை. ஆனால் ஓட்டை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை எழுதப்படவில்லை. நேரத்தை லாபமாகத் தரும் ஒரு ஃபவுலுக்கு யார்டில் மட்டும் தண்டனை விதித்தால், கடைசி விநாடிகளில் எந்த அணியும் அந்த விலையைக் கொடுக்கத் தயாராகவே இருக்கும். நடு ஆட்டத்தில் 5 யார்டு என்பது பெரிய தண்டனை. 10 விநாடி மிச்சம் இருக்கும்போது அது ஒன்றுமே இல்லை.

2010 டிசம்பர் 30, நாஷ்வில்லில் மியூசிக் சிட்டி பௌல் என்ற பருவ இறுதிப் போட்டி. டென்னசி 20–17 என முன்னிலை. டைம் அவுட் கையில் இல்லாத நார்த் கரோலைனா, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல் அணியை அவசரமாகக் களத்துக்குள் ஓடவிட்டது. அதே அணியின் தாக்கும் ஆட்டக்காரர்களோ இன்னும் வெளியேறவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே, பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக் பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார். ரீப்ளேயில் 1 விநாடி மீட்கப்பட்டது. ஆட்கள் அதிகம் என்பதற்கு 5 யார்டு அபராதம். அதன் பிறகு 39 யார்டு ஃபீல்ட் கோல் உள்ளே போனது. இரண்டாவது ஓவர்டைமில் நார்த் கரோலைனா 30–27 என வென்றது. விதிப்படி ஆடியிருந்தால் நேரம் முடிந்திருக்கும். ஃபவுல் செய்ததால்தான் நேரம் கிடைத்தது. 2011-இல் 10 விநாடி கழிவு விதியைக் கொண்டுவந்தீர்கள். கடைசிக் கட்டத்தில் கடிகாரத்தை நிறுத்திவிடும் ஃபவுல் செய்தால், எதிரணி விரும்பினால் 10 விநாடி கழியும். எங்கள் பார்வையில் இந்த இருபது ஆண்டில் நீங்கள் எழுதிய விதிகளில் சிறந்தது இதுதான். விநாடியில் செய்த தவறுக்கு விநாடியிலேயே தண்டனை. ஆனால் இது ஒரு திசைக்கு மட்டும்தான் பொருந்தும். பின்தங்கிய அணி ஃபவுல் செய்து நேரத்தைச் சேர்த்துக்கொள்வதை இது தடுக்கிறது. முன்னிலையில் உள்ள அணி ஃபவுல் செய்து நேரத்தைத் தின்பதை இது தொடுவதே இல்லை.

அந்த மறுபாதி 2024 அக்டோபர் 12 அன்று யூஜீனில் அம்பலமானது. ஒரேகான் 32, ஒஹாயோ ஸ்டேட் 31. 10 விநாடி மிச்சம். 11 பேர் மட்டுமே நிற்க வேண்டிய தற்காப்பில் ஒரேகான் 12 பேரை நிறுத்தியது. ஒரு ஆள் கூடுதலாக இருந்தால் எறிவதற்கு இடம் ஏது? பந்து கைக்குச் சேராமல் விழுந்தது. 5 யார்டு அபராதம். ஆனால் 4 விநாடி போய்விட்டது. மிச்சமிருந்த 6 விநாடியில் ஒரு பிளேதான் கிடைத்தது, ஆட்டம் முடிந்தது. சில நாட்களிலேயே விளக்கக் குறிப்பு வெளியிட்டீர்கள், 2025-இல் விதியாக்கினீர்கள். பாதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தும் இரண்டு நிமிட டைம் அவுட்டுக்குப் பிறகு தற்காப்பு அணி 12 அல்லது அதற்கு மேற்பட்டவர்களோடு ஆடினால் 5 யார்டோடு, பிளே தொடங்கிய நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பும் உரிமையும் தாக்கும் அணிக்கு உண்டு. கூடுதல் ஆள் வெளியேறிக்கொண்டிருந்து ஆட்டத்தைப் பாதிக்காவிட்டால் 5 யார்டு மட்டும்.

நல்ல விதி. ஆனால் 12 பேர் என்ற ஒரே ஃபவுலுக்குத்தான். இன்றைக்கும் ஒரு தற்காப்பு அணி 11 பேரோடு நின்று, ஓடிவரும் ரிசீவர்கள் எல்லோரையும் பிடித்துக்கொண்டே 5 விநாடியைக் கடத்தலாம். பன்ட் அடிக்க (பந்தை எதிரணிக்கு உதைத்துவிட) வேண்டிய அணி, தன் கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ட் ஸோனுக்குள் பந்தை வைத்துக்கொண்டு, பாதுகாக்கும் அத்தனை பேரும் எதிரணியைக் கட்டிப்பிடித்து நிற்க, நேரம் கரைந்த பிறகு தானே சேஃப்டி (எதிரணிக்கு இரண்டு புள்ளி) கொடுக்கலாம். அங்கே அப்படிக் கட்டிப்பிடிக்கும் ஹோல்டிங்குக்கு உரிய தண்டனையே சேஃப்டிதான். எப்படியும் தரப்போகிற இரண்டு புள்ளியைத்தானே கொடுக்கிறார்கள், ஃபவுல் இலவசம். தொழில்முறை ஆட்டத்தில் இது கற்பனை அல்ல. 2013 பிப்ரவரியில் சூப்பர் பௌலின் கடைசி விநாடிகளில் பால்டிமோர் ரேவன்ஸ் இதைச் செய்தது. 2016 நவம்பரில் சின்சினாட்டிக்கு எதிராக மறுபடியும் செய்தது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 2017-இல்தான் விழித்துக்கொண்டது. கடிகாரத்தை ஓட்டுவதற்காக ஒரே பிளேயில் பல ஃபவுல் செய்தால் 15 யார்டு, கடிகாரமும் திரும்பும்.

உங்கள் விதிநூலில் நியாயமற்ற கடிகார உத்திகளைப் பற்றி 3-4-3 என்ற விதி இருக்கிறது, அது ரெஃப்ரிக்குப் பரந்த அதிகாரம் தருகிறது என்று நீங்கள் பதில் சொல்லலாம். ஆனால் 50,000 பேர் கத்தும் மைதானத்தில், 6 விநாடி மிச்சம் இருக்கையில், ஒரு பயிற்சியாளரின் உள்நோக்கத்தை ரெஃப்ரி எப்படிக் கண்டுபிடிப்பார்? யூஜீனில் அந்த இரவு யாரும் கண்டுபிடிக்கவில்லை. நோக்கத்தை நிரூபிக்கச் சொல்லும் விதி கடைசி நிமிடத்தில் செயல்படாது.

எனவே நாங்கள் கேட்கும் முதல் மாற்றம் இது. ஒவ்வொரு பாதியின் இரண்டு நிமிட டைம் அவுட்டுக்குப் பிறகு, பந்து ஆட்டத்தில் இருக்கும்போது செய்த எந்த ஃபவுலாக இருந்தாலும், அபராதத்தை ஏற்கும் அணி அந்த பிளே தொடங்கிய நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பிக் கேட்கலாம். கிக்ஆஃபுக்கும் பன்ட்டுக்கும் இதே விதிதான். நோக்கம் பார்க்க வேண்டியதில்லை. ஃபவுல் வகை பார்க்க வேண்டியதில்லை. சேஃப்டி தண்டனையாக வந்தால் இரண்டு புள்ளியும் உண்டு, விநாடிகளும் திரும்பும். இப்படி ஒரு வரி 2006-இல் இருந்திருந்தால் மேடிசனிலும், 2024-இல் இருந்திருந்தால் யூஜீனிலும் யாரும் விநாடி திருடியிருக்க முடியாது. நாளை வேறொருவர் கண்டுபிடிக்கப்போகும் உத்திக்கும் இதுவே பதில்.

செயல்படுத்துவது சுலபம். ரீப்ளே அறையில் பார்க்கும் படத்தில் ஆட்டக் கடிகாரத்தின் நேரம் சேர்ந்தே தெரிகிறது. கடைசி இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு பிளேவின் தொடக்க நேரத்தையும் அங்கே ஒருவர் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஃபவுலுக்கான கொடி விழுந்ததும் அந்த எண்ணை ரெஃப்ரியின் காதுக் கருவிக்குச் சொல்ல வேண்டும். அபராதத்தை அறிவிக்கும்போதே ரெஃப்ரி நேரத்தையும் அறிவிப்பார். கடிகாரம் இயக்குபவர் தன் நினைவிலிருந்து நேரத்தைத் திருப்பக் கூடாது. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். ரீப்ளே வசதி இல்லாத சிறு கல்லூரி மைதானங்களில் நடுவர் குழுவில் ஒருவர் இதை ஏற்க வேண்டும், கையிலிருக்கும் ஒரு அட்டையே போதும்.

இனி கிக்ஆஃப்.

2010 அக்டோபர் 16 அன்று ராணுவ அணிக்கு எதிரான ஆட்டத்தில் ரட்கர்ஸ் ஆட்டக்காரர் எரிக் லெக்ராண்ட் ஒரு கிக்ஆஃபைத் தடுக்கப் போய்க் கழுத்து எலும்பு முறிந்து உடல் செயலிழந்தார். இந்த விதிகளைப் பற்றி யார் பேசினாலும் அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. உதைத்த அணியில் பத்துப் பேர் முழு வேகத்தில் ஓடிவர, எதிரணி நின்ற இடத்திலிருந்து திரும்பித் தடுக்க, இரண்டும் மோதுகிற பிளே இது. நீங்கள் சும்மா இருக்கவில்லை. மூன்று பேர் தோளோடு தோள் சேர்ந்து தடுக்கும் வெட்ஜை 2010-இல் தடை செய்தீர்கள். 2012-இல் கிக்ஆஃபை மறுபடி 35-க்குக் கொண்டுவந்து, டச்பேக்கில் (பந்து எண்ட் ஸோனுக்குள் போய் ரிட்டர்ன் இல்லாமல் முடிவதில்) எதிரணிக்குப் பந்தை 25-இல் தந்து, உதைப்பவரைத் தவிர மற்றவர்களின் ஓட்டத்தை 5 யார்டுக்குள் அடக்கினீர்கள். 2018-இல் 25-க்குள் எங்கே ஃபேர் கேட்ச் செய்தாலும் (ஓடப்போவதில்லை என்று கையை உயர்த்திக் காட்டிப் பந்தைப் பிடித்தாலும்) பந்து 25-இல் வைக்கப்படும் என்றீர்கள். 2019-இல் இரண்டு பேர் வெட்ஜும் போனது. 2025-இல் திரும்ப ஓடப்போவதில்லை என்று கைகளால் 'T' வடிவச் சைகை காட்டினால் அந்த அணியின் ரிட்டர்ன் உரிமை போய்விடும் என்றானது. அந்தச் சைகையைக் காட்டிவிட்டு, எதிரணி தளர்ந்த நேரத்தில் ஓடும் தந்திரத்தை அது ஒழித்தது. மனதார வரவேற்கிறோம்.

ஆனால் இவை அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் கிக்ஆஃப் இன்று ரிட்டர்னும் இல்லாத, ரிட்டர்ன் இல்லாததும் இல்லாத ஒரு நிலையில் நிற்கிறது. நல்ல உதைப்பாளர் ஒருவர் பந்தை 4 விநாடிக்கு மேல் காற்றில் வைத்து 3 யார்டு கோட்டில் இறக்குகிறார் என்று வையுங்கள். 2018-க்கு முன் அது கலை. ஓடிவந்தவர்கள் 15-க்குள்ளேயே மடக்கிவிடுவார்கள். இப்போது கையை உயர்த்தினால் பந்து 25-இல். எண்ட் ஸோனைத் தாண்டி அடித்தாலும் அதே 25. நுட்பத்துக்கு விலை இல்லை என்றானதும், கால் வலுவுள்ளவர் எல்லாவற்றையும் வெளியே அடிக்கிறார். வலு இல்லாதவர் என்ன செய்வார்? தரையோடு உருளும் ஸ்க்விப் கிக். அப்படி உருளும் பந்துக்கு ஃபேர் கேட்ச் கிடையாது. ஆக, பாதுகாப்புக்காக எழுதிய விதி எந்தப் பந்துக்குப் பொருந்தாதோ, அந்தப் பந்தைத்தான் குளிர்காலத்து எதிர்க்காற்றில் பலவீனமான உதைப்பாளர்கள் அடிக்கிறார்கள். துள்ளும் பந்தைக் குனிந்து எடுப்பவரின் கண் தரையில் இருக்கும். மோத வருபவரை அவர் பார்ப்பதில்லை.

இதே 2018 விதிக்குக் கடிகாரப் பக்கமும் ஒன்று உண்டு. ஃபேர் கேட்ச் ஆனாலும் டச்பேக் ஆனாலும் ஒரு விநாடியும் ஓடாது. ரிட்டர்ன் செய்தால் 5, 6 விநாடி ஓடும். முழு ஆட்டத்தில் இது பொருட்டல்ல. ஆனால் 12 விநாடி மிச்சம் இருக்கையில் முன்னிலையில் உள்ள அணி இனி ஸ்க்விப் அடித்தே தீரும், ஏனென்றால் நேரத்தைத் தின்ன அது ஒன்றுதான் வழி. ஆட்டத்தின் மிகப் பதற்றமான கணத்தில், ஆபத்தான கிக்கை நோக்கி அணிகளைத் தள்ளுவது கடிகார விதியும் கிக் விதியும் சேர்ந்துதான். நாங்கள் மேலே கேட்ட மாற்றத்தையும் இதையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

என்ன செய்யலாம்? இரண்டு வழிகள் ஏற்கெனவே களத்தில் சோதிக்கப்பட்டிருக்கின்றன. என்.எஃப்.எல். 2024-இல் கொண்டுவந்த முறையில் உதைப்பவர் 35-இல் நிற்க, அவருடைய அணியின் மற்றப் பத்துப் பேரும் எதிரணியின் 40-இல் நிற்கிறார்கள். பந்து தரையையோ ஆளையோ தொடும் வரை, உதைப்பவரும் பந்தை வாங்க நிற்பவர்களும் தவிர வேறு யாரும் அசையக் கூடாது. நீண்ட ஓட்டம் இல்லை, அதனால் மோதும் வேகம் குறைவு. பந்து கோல் கோட்டுக்கும் 20-க்கும் இடையே விழ வேண்டும். டச்பேக் முதலில் 30 ஆக இருந்து 2025-இல் 35 ஆனது. சிறப்பான முறைதான். ஆனால் அதைக் கல்லூரிக்கு அப்படியே எடுத்து வருவதில் இரண்டு சிக்கல் தெரிகிறது. ஒன்று, அந்த 20 யார்டு பட்டையில் பந்தை இறக்கும் துல்லியம் தேவை. தவறினால் எதிரணிக்கு 40-இல் பந்து. சிறு கல்லூரி உதைப்பாளர்களுக்கு இது கடுமையான தண்டனை. மற்றொன்று, உதைத்த அணியே பந்தைப் பிடிக்கப் பார்க்கும் ஆன்சைட் கிக்கை, 2025 விதிப்படி, முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அதுவும் பின்தங்கியிருந்தால் மட்டும். 2016 ஜனவரி 11 தேசிய இறுதிப் போட்டியில், 24–24 என்று சமநிலையில், கிளெம்சன் எதிர்பாராத நேரத்தில் ஆடம் கிரிஃபித் பந்தைப் பக்கவாட்டில் தூக்கிவிட, மார்லன் ஹம்ஃப்ரி ஓடிப்போய்ப் பிடித்தாரே, அலபாமா 45–40 என வெல்ல வழிசெய்த அந்த ஒரு உதை, அந்த விதியின் கீழ் நடந்தே இருக்காது. அதை இழக்க எங்களுக்கு மனமில்லை.

இரண்டாவது வழி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஐவி லீக் என்ற பல்கலைக்கழகக் குழு 2016-இல் கிக்ஆஃபை 40 யார்டு கோட்டுக்கு முன்னேற்றி, டச்பேக்கை 25-லிருந்து 20-க்குக் குறைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அந்த லீக்கில் கிக்ஆஃப்கள் மொத்த பிளேக்களில் 6 சதவீதம்தான், ஆனால் மூளை அதிர்ச்சிக் காயங்களில் 21 சதவீதம் அவற்றில்தான் நிகழ்ந்தது. மாற்றத்துக்குப் பிறகு டச்பேக் விகிதம் சுமார் 18 சதவீதத்திலிருந்து 48 ஆக உயர்ந்தது. 1,000 கிக்ஆஃபுக்குச் சுமார் 11 ஆக இருந்த மூளை அதிர்ச்சி 2 ஆக இறங்கியது. 2018-இல் வெளியான ஆய்வு இது. கல்லூரி மாணவர்கள், கல்லூரி உதைப்பாளர்கள், கல்லூரி மைதானங்கள். வேறு என்ன சான்று வேண்டும்?

40-இலிருந்து அடித்தால் பெரிய அணிகளின் பந்து அனேகமாக எல்லாமே வெளியே போகும், ரிட்டர்ன் செத்துவிடும் என்பது எதிர்வாதம். அது நியாயமான வாதம்தான். கோல் கோடு அங்கிருந்து 60 யார்டு மட்டுமே. எங்கள் நிலைப்பாடு இதுதான்: பாதி ரிட்டர்னைக் காப்பாற்றுவதற்காக ஸ்க்விப்பை வளர்ப்பதைவிட இது மேல். டச்பேக் 20 என்பதால், பந்தை உயரமாகத் தூக்கிக் கோல் கோட்டருகே இறக்க உதைப்பாளருக்கு ஆசை இருக்காது, வெளியே அடித்து எதிரணியை 5 யார்டு பின்னுக்குத் தள்ளவே முயல்வார். ஃபேர் கேட்ச்சையும் அதே 20-க்கு இறக்குங்கள். 25-இலேயே விட்டால் இரண்டு விதிகளும் எதிரெதிராக இழுக்கும். எதிர்பாராத ஆன்சைட் கிக் அப்படியே உயிரோடு இருக்கும். எல்லாப் பிரிவுக்கும் ஒரேயடியாக வேண்டாம். மூன்றாம் பிரிவில் ஒரு கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு), முதல் பிரிவின் இரண்டாம் அடுக்கான எஃப்.சி.எஸ்.-இல் ஒன்று, பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்று, இரண்டு பருவங்கள் சோதித்துப் பாருங்கள். ரிட்டர்ன் விகிதத்தை அல்ல, 1,000 கிக்ஆஃபுக்கு எத்தனை காயம் என்பதை எண்ணுங்கள். ஸ்க்விப்பைத் தனிப் பத்தியில் எண்ணுங்கள்.

கடைசியாக, ஓடும் கடிகாரம். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறி ஃபர்ஸ்ட் டவுன் எடுத்ததும் கடிகாரம் நிற்பது 1968 முதல் கல்லூரி ஆட்டத்தின் அடையாளம். 2023-இல் பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர மற்ற நேரங்களில் அதை நீக்கினீர்கள். கணக்கு எளிது. இரு அணிக்கும் சேர்த்து 40 ஃபர்ஸ்ட் டவுன், அதில் எல்லைக்குள் முடிந்தவை 30, தூரம் அளக்கும் சங்கிலியை நகர்த்தி ரெஃப்ரி சைகை காட்ட ஒவ்வொன்றுக்கும் 7 விநாடி என்று வைத்தால் 210 விநாடி. ஓடும் கடிகாரத்தில் ஒரு பிளேவுக்கு 30 விநாடி என்றால் 7 பிளே. அதைத் திரும்பக் கேட்கவில்லை. குறைந்த மோதல், குறைந்த காயம் என்ற காரணத்தை மதிக்கிறோம். ஆனால் 2024-இல் இரண்டு நிமிட டைம் அவுட் என்று ஒரு புதிய நிறுத்தத்தையும் சேர்த்தீர்கள். ஆட்டக்காரர்களிடமிருந்து நேரத்தை எடுத்து விளம்பரத்துக்குக் கொடுத்ததாகத்தான் பார்வையாளருக்குத் தெரிகிறது. ஆட்டம் நின்ற நேரத்தை விளம்பரம், ரீப்ளே, காயம், இடைவேளை என்று பிரித்து ஒவ்வொரு பருவமும் வெளியிடுங்கள். அந்தக் கணக்கு வெளிவரும் வரை இன்னொரு பிளேவைக்கூடக் கடிகாரத்தின் பெயரால் வெட்டாதீர்கள்.

பொய்க் காயத்துக்கான 2025 விதியையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். பந்து வைக்கப்பட்ட பிறகு மருத்துவர் உள்ளே வந்தால் ஒரு டைம் அவுட் போகும், டைம் அவுட் இல்லையென்றால் 5 யார்டு. வேகமாக ஆடும் எதிரணியிடம் மூச்சுவாங்கும் தற்காப்பு அணிக்கு 5 யார்டு மலிவு. டைம் அவுட் தீர்ந்த அணிக்கு 10 யார்டாக்கி, விழுந்தவரை எதிரணியின் அந்தத் தாக்குதல் தொடர் முடியும் வரை வெளியே உட்கார வையுங்கள். உண்மையிலேயே அடிபட்டவருக்கும் அந்த ஓய்வு நல்லதுதான்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கடிகாரத்துக்கும் கிக்கிற்கும் தனித்தனித் தலைப்பு வேண்டாம், இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்லூரி ஃபுட்பாலை நேசிக்கும் தமிழ் வாசகர்கள்